ஒன்பது வீட்டுச் சோறு

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. வயிறு எரிகிறது என்பார்களே, நிஜமாகவே நெஞ்சுக்குழிக்குக் கீழே மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரியும். பத்து வயதில் எனக்கு அப்படி ஒன்பது நாள் எரிந்தது. அந்த ஒன்பது நாளும் சாமியிடம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம். வேண்டிக்கொண்டவனுக்கும் வயதாகிவிட்டது, சாமிக்கும் மறந்திருக்கும்.

அறுபதுகளின் கடைசி அது. திருச்சுழியைத் தாண்டி குண்டாற்றங்கரையில் ஒரு பதிகப் பாடசாலை இருந்தது. கோயில்களில் பதிகம் பாடுகிற ஓதுவார்களைத் தயார் செய்கிற இடம். பதினோரு பையன்கள், ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு வாத்தியார், அவருடைய சம்சாரம், ஒரு கிணறு, ஆள் உயரத்துக்கு மேலே போன மதில், இவ்வளவுதான். உள்ளே போனால் ஆறு வருஷம். தை மாதத்தில் பத்து நாள் வீட்டுக்கு விடுவார்கள். மற்ற நாளில் வாசலைத் தாண்டக்கூடாது. வெளிக்காற்று பட்டால் பாட்டு கலைந்துவிடும் என்பது ஐயாவின் கட்சி. அருப்புக்கோட்டை பஸ் ஆற்றுப்பாலத்தில் ஹாரன் அடிக்கிற சத்தம் மட்டும் தினமும் இரண்டு தடவை மதிலைத் தாண்டி வரும். அதற்கு ஐயாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அங்கே பையன்களை ஊர்ப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவது. காரியாபட்டியிலிருந்து வந்தவன் காரியாபட்டியான். எங்கள் ஊர்ப் பேர் குளம் என்று முடிவதால் நான் குளத்தான். எனக்கு அடுத்த பாயில் படுக்கிறவன் பாலவனத்தான். பாலவனத்தம் அவன் ஊர். என்னைவிட ஒரு வயது மூத்தவன். பிறந்த அன்றைக்கே தாயைப் பறிகொடுத்தவன். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதும் பெரியப்பா ஒருத்தர் இவனைக் கொண்டுவந்து பாடசாலையில் விட்டுவிட்டுப் போனார். பிறகு எட்டிப் பார்க்கவில்லை. தை மாதத்திலும் அவன் எங்கேயும் போகமாட்டான். நாங்கள் எல்லாம் ஊருக்குப் போயிருக்கும்போது ஐயாவின் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டு கிடப்பான். பாட்டு சுமார்தான். இதைப் பொறாமையில் சொல்லவில்லை, கேட்டால் அவனே ஒத்துக்கொள்வான். மேலே எடுத்தால் அவன் குரல் கம்பளியை உரசின மாதிரி கரகரக்கும்.

என் குரல் அப்படியில்லை. மழைக்கென்றே ஒரு பண் உண்டு. அதை நான் எடுத்தால் ஐயா தாளம் போடுகிற கையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அது பக்தியா தூக்கமா என்று சந்தேகப்பட்ட பையன்கள் உண்டு. எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்த மதிலுக்கு வெளியே போக எங்களுக்கு இருந்த ஒரே வழி மழை அழைப்புதான். ஐப்பசி பிறந்து பாதி போயும் வானம் திறக்காத ஊர்க்காரர்கள் பாடசாலை வாசலுக்கு வந்து ஆள் கேட்பார்கள். ஐயா ஒரு பையனின் பேரைச் சொல்லி எழுப்பி அனுப்புவார். போகிறவன் அந்த ஊர்க் கோயில் வாசலில் நின்று ஒன்பது நாள் காலையும் மாலையும் பாட வேண்டும். பாட்டைத் தவிர வேறு பேச்சு கூடாது. சாப்பாடு நாளைக்கு ஒரு வேளை, நாளைக்கு ஒரு வீடு. எந்த வீடு என்று ஊரார் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். சீட்டு விழுந்த வீட்டில்தான் அன்றைக்குக் கை நனைக்கலாம்.

முந்தின வருஷம் போய்வந்த காரியாபட்டியான் எந்த வீட்டில் என்ன போட்டார்கள் என்று விரல் மடக்கி மடக்கிச் சொல்லுவான். ஒரு வீட்டில் உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினார்களாம். இன்னொரு வீட்டில் அதிரசம். எங்களுக்கோ காலையில் கேப்பைக் கூழ், சாயங்காலம் கம்பஞ்சோறு, நடுவில் முழுக்கப் பதிகம். சாப்பாட்டைக்கூட விடுங்கள். பெரிய பெரிய மனுஷர்கள் குனிந்து இவன் காலைக் கழுவினார்களாம்! அதைக் கேட்ட அன்றைக்கே அடுத்த அழைப்பு எனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அதற்கு ஆதாரமும் இருந்தது. "இந்த வருசம் எந்த ஊர்க்காரவுக வந்தாலும் குளத்தானத்தான் அனுப்பணும், அவன் பாட்டுக்குத்தான் எறங்கும்" என்று ஐயா தன் சம்சாரத்திடம் சொன்னதை என் காதால் கேட்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி முடியப் போகிற நேரம், ஒரு விடிகாலையில் கதவைத் தடியால் மூன்று தடவை தட்டுகிற சத்தம் கேட்டது. அழைப்புக்கு வருகிறவர்கள் அப்படித்தான் தட்டவேண்டும். வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தோம். ஐயா கையை உயர்த்த, சத்தம் அறுந்து நின்றது. கதவைத் திறந்தார்கள். முழங்கால் வரைக்கும் புழுதியோடு ஏழெட்டுப் பேர் வெளியே நின்றார்கள். அழைப்புக்குப் பஸ்ஸில் வரக்கூடாது, நடந்துதான் வரவேண்டும். படியைத் தாண்டி உள்ளே காலை வைக்கவும் கூடாது. முன்னால் நின்றவர் கையில் ஒரு மண்கலயம். அந்த ஊரில் இன்னும் வற்றாமல் கிடக்கிற கடைசிக் கிணற்றின் தண்ணீர் அதில் இருக்கும்.

"எங்க ஊருக்கு வானம் மூடிக்கிருச்சு. கேக்குறதுக்கு ஒரு வாய் குடுங்க" என்றார் அவர். முதல் தடவைக்குப் பதில் சொல்லக்கூடாது. ஐயா சொல்லவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை கேட்கும்போது அவர் குரல் உடைந்தது. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எட்டிப் பார்த்தால், எங்கள் ஊர் நாட்டாமை! அவருக்குப் பின்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் தாய்மாமா!

"எந்த ஊரு?" என்று ஐயா கேட்க, நாட்டாமை எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது. வெள்ளரிக்காய் திருடினதற்கு என் காதைத் திருகிய நாட்டாமை இப்போது என் காலைக் கழுவப் போகிறார். நான் எங்கள் தெருவிலேயே நடக்கப் போகிறேன். ஒன்பது சீட்டில் ஒன்றாவது எங்கள் வீட்டுக்கு விழாமலா போகும்? அம்மா பரிமாற, நான் சாமி மாதிரி வாயைத் திறக்காமல் சாப்பிடுவேன். பாதி எழுந்தேவிட்டேன்.

"பாலவனத்தான்" என்றார் ஐயா.

அவன் எழுந்ததே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக எழுந்தான். பேர் சொல்லப்பட்டவன் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது. அந்தக் கழுதை திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு வாசற்படியில் போய் நின்றான். நாட்டாமை குனிந்து அவன் காலைக் கழுவினார். கலயத்துத் தண்ணீரை அவன் கையில் வார்க்க, அவன் குடித்தான். குடித்துவிட்டால் ஒன்பது நாளைக்கு அவன் அந்த ஊர்க்காரன். அதாவது எங்கள் ஊர்க்காரன். என் ஊரை என் கண்ணெதிரே ஒருத்தன் குடித்துவிட்டான். நான் கூழுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா என் பக்கமே பார்க்கவில்லை. மற்றவர்கள் நடக்க ஆரம்பித்தபிறகு ஐயாவை வெளியே கூப்பிட்டு மெதுவாக என்னவோ சொன்னார். ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். நான் அழைப்புக்கு லாயக்கில்லாதவன் என்று என் சொந்த மாமாவே சொல்லிவிட்டுப் போகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அன்றைக்கு மத்தியானம் மூக்கைச் சிந்திக்கொண்டே ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சொந்த ஊருக்குப் பாடுனா பாட்டு வராதுலே, அழுகதான் வரும். எந்த ஊரு வந்தாலும் அந்த ஊருப் பிள்ளைய அனுப்புறது வழக்கமில்ல. போ, போயி கூழக் குடி" என்றார். வழக்கமாம் வழக்கம்! கூழை நான் குடிக்கவில்லை. அதையும் காரியாபட்டியான் குடித்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் அந்த வேண்டுதல். காலை விளக்குக்கு முன்னால் எல்லோரும் மழைக்காகக் கும்பிட்டார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சாமி, மழை பெய்யக்கூடாது, பாலவனத்தான் பாட்டுக்கு ஒரு பொட்டுத் தூத்தல்கூட விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுமானால் பிறகு பெய்துகொள்ளட்டும், இந்த ஒன்பது நாள் மட்டும் பொறுத்துக்கொள் என்று சாமிக்குச் சலுகையும் கொடுத்தேன். அந்த ஊரில் என் அப்பாவின் கரிசல் காடு நாலு ஏக்கர் வெடித்துக் கிடக்கிறது, விதைப் பருத்தி பானையில் காத்துக் கிடக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கண்ணை மூடினால் காடு தெரியவில்லை, பாலவனத்தான் எங்கள் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மண்வாசம்கூட அடித்தது. பையன்கள் எல்லாம் முற்றத்தில் நின்று கூத்தாடினார்கள். ஐயாவின் சம்சாரம் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டு ஓடினார். எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மேகம் அப்படியே மதுரைப் பக்கம் நகர்ந்து போய்விட்டது. என் மனுதான் மேலே போய்ச் சேர்ந்தது என்று எனக்கு ஒரே குஷி.

பத்தாம் நாள் அவன் நடந்தே திரும்பி வந்தான். மழை இல்லை. உதடு வெடித்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். எல்லோரும் "அடடா" என்றார்கள். நானும் "அடடா" என்றேன். பிறகு அவனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏலே, எங்க வீட்டுக்குச் சீட்டு விழுந்துச்சா?"

அவன் வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். "விழுந்துச்சு. ஆறாம் நாளு" என்றான்.

"எங்கம்மா என்ன போட்டாக?"

அவன் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான். முதலில் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. சொல்லச் சொல்ல வேகம் பிடித்துவிட்டது. "கருப்பட்டிப் பணியாரம் சுட்டாக. நெல்லுச்சோறு வடிச்சு, பருப்பு ஊத்தி, நெய்யி விட்டாக. போதும்னு கையக் காட்டுறேன், விடமாட்டேங்காக. பக்கத்துலயே உக்காந்து முந்தானையால விசிறிக்கிட்டே இருந்தாக. சாப்புட்டு முடிச்சதும் தலையத் தொட்டுப் பாத்து, என்னடா தலை இப்பிடிக் காஞ்சு கெடக்குன்னு எண்ணெ தேச்சு விட்டாக. கடைசி உருண்டைய அவுக கையாலயே உருட்டி என் வாயில குடுத்தாக."

"என்னயப் பத்திக் கேட்டாகளா?"

"கேட்டாகளே! எம் புள்ள நல்லாப் பாடுறானான்னு கேட்டாக. நாந்தான் பேசக்கூடாதே. ஆமான்னு தலைய ஆட்டுனேன்."

ஓங்கி ஒரு அறை விட்டேன். என்னைவிடப் பெரியவன், பலசாலி, அவன் திருப்பி அடித்திருந்தால் நான் கிணற்றுக்குள்தான் கிடந்திருப்பேன். அடிக்கவில்லை. நிலைதடுமாறிக் கிணற்றுக் கட்டையில் மோதிப் புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. ஐயா கேட்டதற்கு வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னான். என் அம்மா கையால் உருண்டை வாங்கித் தின்றவன் என்னைக் காட்டிக்கொடுக்க முகம் இல்லாமல்தான் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். அன்றைக்கே பாயை வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டேன். தை வரைக்கும் அவனோடு பேசவில்லை.

தை மாதம் மாமா கூட்டிப்போக வந்தார். எங்கள் ஊருக்கு ஆற்றோரமாகவே நடந்து போய்விடலாம். மாமா என்னைப் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் கிடைத்த சந்தோஷத்தில் ஏன் என்று கேட்கவில்லை. அருப்புக்கோட்டையில் இறங்கி, பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி. கிட்டங்கியில் பஞ்சு பொறுக்குகிற வேலை. அப்பா லோடு வண்டி இழுக்கப் போயிருந்தார்.

இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்றுதானே எந்தப் பிள்ளையும் முதலில் கேட்கும்? நான் இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டேன். "அந்தப் பாலவனத்தானுக்கு மட்டும் பணியாரம் சுட்டுக் குடுத்தேல்ல? எண்ணெ தேச்சு விட்டேல்ல?"

அம்மா முழித்தாள். "எந்தப் பாலவனத்தான்? நாங்க புரட்டாசியிலயே வீட்டப் பூட்டிட்டு வந்துட்டமேடா. ஒனக்குச் சொன்னா படிப்புக் கெட்டுப்போகும்னு வாத்தியார் அய்யாகிட்ட மட்டும் மாமாவச் சொல்லச் சொன்னேன்" என்றாள்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க வீட்டுக்குச் சீட்டு விழுந்துச்சு மாப்ள. பூட்டிக் கெடக்குற வீட்டுக்கும் சீட்டு எழுதணும். மழை அவுகளுக்கும் சேத்துத்தான கேக்குறோம். எங்க வீட்ல வந்து ஒரு வாய் சாப்புடுன்னு நானும் கெஞ்சுனேன், நாட்டாமையும் கெஞ்சுனாரு. முடியாதுன்னு தலைய ஆட்டிட்டான். பூட்டுன கதவுக்கு முன்னால பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருந்தான். பெறகு எந்திரிச்சுப் போயிப் பாடுனான் பாரு, தொண்டையில தண்ணியே இல்ல. ஊரே அழுதுருச்சு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, எம் புள்ள வயசுப் பய. நம்ம வாசல்ல வந்து பட்டினியா கெடந்தானா" என்று அழுதாள். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப மட்டும் மழை விழுந்திருந்தா விதைப்புக்குத் திரும்பியிருப்போம்" என்றார். எனக்குத் திக்கென்றது. வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பத்து வயதுப் பையன் சொல்லியா சாமி கேட்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஐந்தாம் நாள் மேகம் போனபோது மட்டும் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தத் திக் கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம் எனக்கு வந்தது சந்தோஷம். அப்பாடா, அம்மா அவனுக்குச் சோறு போடவில்லை! எண்ணெய் தேய்க்கவில்லை! எல்லாம் அந்தப் பயல் விட்ட கதை! எத்தனையோ நாள் எரிந்த வயிறு குளிர்ந்துபோய், அம்மா ஊற்றின கம்பங்கஞ்சியை இரண்டு வட்டில் குடித்தேன்.

பத்து நாள் முடிந்து கிளம்புகிற அன்றைக்கு அம்மா பக்கத்து அறையில் பணியாரச் சட்டி இரவல் வாங்கினாள். அரிசி எங்கே பிடித்தாளோ, கருப்பட்டி எங்கே பிடித்தாளோ, ஐந்தே ஐந்து பணியாரம். எனக்கு ஒன்று என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். "இது அந்தப் பயலுக்கு. நான் சுட்டுப் போட்டேன்னு வாயால சொல்லிட்டான்ல, அது பொய்யாப் போகக்கூடாது. அவனுக்குத் தலைக்குத் தேய்க்க எண்ணெ இருக்கான்னு கேட்டு வந்து மாமாகிட்டச் சொல்லு" என்று துணியில் முடிந்து கொடுத்தாள். எனக்கு மறுபடியும் எரிய ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் மாமா தூங்கிவிட்டார். திருச்சுழி வருவதற்குள் ஐந்தையும் தின்றுவிட்டுத் துணியை ஜன்னல் வழியாக விட்டெறிந்தேன்.

பாடசாலைக்குள் நுழைந்ததும் பையன்கள் அத்தனை பேரையும் கூட்டிவைத்து அவனைக் கேட்டேன். "எங்க வீடு பூட்டிக் கெடந்துச்சாம்ல. நீ சொன்னது பூராம் பொய்தானலே?"

"ஆமா, பொய்தான்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். காரியாபட்டியான் "பொய்யன்" என்று கத்த, நான் அதை ராகம் போட்டுப் பாடிக் காட்டினேன். நல்ல குரல் என்று சொன்னேனே.

மறுநாள் காலை கிணற்றடியில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். புருவத்தில் தழும்பு நன்றாகத் தெரிந்தது. "உங்கம்மா எங்க இருக்காகன்னு தெரிஞ்சிருச்சா? நல்லாருக்காகளா?" என்று கேட்டான். இருக்காக என்றேன். போவான் என்று பார்த்தேன், போகவில்லை. வாளிக் கயிற்றைக் கையில் சுற்றுகிறான், அவிழ்க்கிறான்.

"என்னயப் பத்தி எதுவும் கேட்டாகளா?" என்றான்.

"இல்லியே" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வாளியை இறக்கித் தண்ணீர் சேந்த ஆரம்பித்தான். நான் வாய் கொப்பளித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். படிப்பு முடிந்து பிரிகிறவரைக்கும் பாடசாலையில் அவனுக்குப் பாலவனத்தான் என்ற பேர் போய்ப் பொய்யன் என்ற பேர்தான் நிலைத்தது. அந்தப் பேர் என்னால்தான் வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் பெருமையாக இருந்தது.